ஏழா, நான்கா, ஐந்தா? சுவரில் எந்தப் படத்தை ஒட்டுவது

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அறையில் ஒரு பழைய படம் தொங்கிக்கொண்டிருந்தது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகள், ஏழு நிறத்தில். ஏசித் தண்ணீர் ஒழுகி மேல் மூன்று அடுக்குகளும் ஊறி உரிந்துவிட்டதால் போன மாதம் கழற்றிவிட்டோம். "மேலே மூணும் போனதுல யாருக்கும் நஷ்டமில்லை சார்" என்றார் கூட வேலை செய்பவர். கிண்டல்தான். ஆனால் புதுப் படம் அச்சடிக்கலாம் என்று பேச்செடுத்ததும் அந்தக் கிண்டலே வழக்காகிவிட்டது.

மூன்று கட்சிகள். கல்லூரியை விட்டு வந்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு ஏழு அடுக்குதான் வேண்டும். இன்டர்வியூவில் கேட்பது அதைத்தான். சர்வர் பக்கம் நிரல் எழுதுகிறவர்கள் இணையம் ஓடும் டிசிபி/ஐபி மாடலின் நான்கு அடுக்கே போதும், மற்றதெல்லாம் பரீட்சைக்கு என்றார்கள். சைட்டுக்குப் போய்க் கேபிள் இழுக்கிற அணிக்கு நான்கு போதாது, ஏழு அதிகம், ஐந்து என்றார்கள். முடிவெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: காலை ஒன்பதரை மணிக்கு "நெட் வரல" என்று வரும் போனை எடுக்கிற பையனுக்கு, திரும்பிப் பார்த்தால் உதவுகிற படம் எது?

முதலில் ஏழு. 1970களில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வலையமைப்பு முறை வைத்திருந்தது. ஐபிஎம்முக்கு எஸ்என்ஏ, டிஜிட்டல் எக்யுப்மென்ட்டுக்கு டெக்நெட். ஒருவர் இயந்திரம் இன்னொருவர் இயந்திரத்தோடு பேசாது. இதை உடைக்கத்தான் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1977-இல் ஒரு குழு அமைத்தது. சார்லஸ் பாக்மன் அதற்குத் தலைவர். ஹியூபர்ட் சிம்மர்மன் 1980-இல் மாடலை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1984-இல் ஐஎஸ்ஓ 7498 என்ற தரமாக அது வெளிவந்தது. கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் அடுக்கு, பிறகுதான் அடுக்குக்குள் உட்கார வேண்டிய நெறிமுறைகள், அதாவது இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் விதிகள். அளவெடுக்காமல் தைத்த சட்டை. சில இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது, சில இடத்தில் தொளதொளவென்று நிற்கிறது.

பொருந்துகிற இடம் கீழ் நான்கு. கம்பியில் மின்சாரமாகவோ இழையில் ஒளியாகவோ போகும் பிட்டுகள் முதல் அடுக்கு. ஒரே கம்பிப் பகுதிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி பார்த்து ஃபிரேம் என்ற தரவுப் பொட்டலத்தைக் கைமாற்றுவது இரண்டு. ஊர்விட்டு ஊர் போக ஐபி முகவரி பார்ப்பது மூன்று. இந்த முனையில் இருக்கும் புரோகிராமுக்கும் அந்த முனையில் இருக்கும் புரோகிராமுக்கும் இடையே போர்ட் எண் வைத்துப் பேச்சை நடத்துவது நான்கு. இந்த எண்கள் கடைத்தெரு வரை வந்துவிட்டன. எல்2 ஸ்விட்ச் (இரண்டாம் அடுக்கில் கணினிகளை இணைக்கும் பெட்டி) என்ன விலை, எல்3 ஸ்விட்ச் என்ன விலை என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். கிளவுடில், வரும் வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் லோடு பேலன்சர் எடுக்கப் போனால் எல்4 வேண்டுமா எல்7 வேண்டுமா என்று கேட்கிறார்கள். எல்5 ஸ்விட்ச், எல்6 ஸ்விட்ச் என்று யாரும் விற்றுப் பார்த்ததில்லை.

ஐந்தும் ஆறும் வெறும் அலங்காரம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. ஆறாவது, அதாவது தரவு எந்த வடிவத்தில் போகிறது என்று இரு முனையும் ஒத்துக்கொள்ளும் அடுக்கு, ஒரு நிஜமான வலிக்கு மருந்தாக வந்தது. ஐபிஎம் பெரிய இயந்திரங்கள் எழுத்துகளை எப்சிடிக் என்ற குறிமுறையில் வைத்திருந்தன, மற்றவர்கள் ஆஸ்கியில். அனுப்பினால் போய்ச் சேரும், படித்தால் குப்பை. தமிழில் இணையம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன வரும் என்று நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறிமுறை. பிட் ஒன்றுகூடக் கெடாமல் வந்து சேர்ந்திருக்கும். திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். அந்தச் சிக்கலுக்கு வீடு ஆறாவது அடுக்குதான். கடைசியில் தீர்த்தது யூனிகோடும் யூடிஎஃப்-8உம். அவை தனி அடுக்காக வந்து உட்காரவில்லை, ஒவ்வொரு பயன்பாட்டுக்குள்ளும் புகுந்துகொண்டன. இன்று ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டாகப் போகிறது. "இது யூடிஎஃப்-8" என்று சொல்வது இணையப் பக்கத்தோடு வரும் எச்டிடிபி தலைப்பு வரி. ஐந்தாவதன் கதையும் அதுவே. யார் இப்போது பேசலாம், தொடர்பு அறுந்தால் எந்த இடத்திலிருந்து தொடரலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பாக எழுதப்பட்டது. பாதியில் நின்ற டவுன்லோடு விட்ட இடத்திலிருந்து தொடர்வதை இப்போது பிரவுசரும் சர்வரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. ஆக வேலை ஒழியவில்லை, அறைதான் காலி.

அடுத்து நான்கு. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் டிசிபி ஒரே நெறிமுறையாக இருந்தது. 1978-இல்தான் அதை இரண்டாகப் பிரித்து, பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, கொண்டுபோவதை ஐபியிடமும் சரியாகச் சேர்ந்ததா என்று பார்ப்பதை டிசிபியிடமும் கொடுத்தார்கள். 1983 ஜனவரி 1-ஆம் தேதி இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் நான்கு அடுக்குகளை எழுதிவைத்தது: இணைப்பு, இணையம், போக்குவரத்து, பயன்பாடு. ஓஎஸ்ஐக்கு நேர் தலைகீழ். இங்கே நெறிமுறைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஓடுவதைப் பார்த்து வரைந்த படம். அதனால் பொய் குறைவு. நிரல் எழுதுகிறவர் சாக்கெட் (நிரல் வலையமைப்போடு பேசும் வாசல்) திறக்கும்போது தொடுவது இந்த எல்லையைத்தான்: சாக்கெட்டுக்கு மேலே தன் பாடு, கீழே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாடு. அவருக்கு ஐந்தாவதான அமர்வு அடுக்கு, ஆறாவதான வழங்கல் அடுக்கு என்று பிரித்துக் காட்டினால் எரிச்சல்தான் வரும்.

ஆனால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். கீழ்ப் பகுதியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். ஆர்எஃப்சி 1122-இன் நோக்கம் கணினிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. கம்பி எந்த ரகம், ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்பது அதன் கவலையே இல்லை. எங்களுக்குப் பாதிக் கவலை அதுதான். ஒரு நாள் இரண்டு புகார் அடுத்தடுத்து வந்தது. இரண்டிலும் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது முகவரி வழங்கும் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வராமல் தானாகப் போட்டுக்கொண்டது. முதல் இடத்தில் ஸ்விட்ச் போர்ட்டில் விளக்கே எரியவில்லை. பார்த்தால் மேசைக்கால் ஏறி நசுங்கிய கேபிள். கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்து பிரயோசனமில்லை, கேபிளையே மாற்றினோம். இரண்டாவது இடத்தில் விளக்கு பச்சையாக எரிகிறது, கண் சிமிட்டுகிறது, எல்லாம் லட்சணமாக இருக்கிறது. அன்று காலை யாரோ போர்ட்டை வேறு விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலையில்) போட்டிருந்தார்கள். ஒன்றுக்குக் கையில் கிரிம்பிங் டூலும் புதுக் கேபிளும் வேண்டும், இன்னொன்றுக்கு ஸ்விட்சின் பாஸ்வேர்டு வேண்டும். நான்கு அடுக்குப் படத்தில் இரண்டும் ஒரே பெட்டி. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு போனால் தவறான பையைத் தூக்கிக்கொண்டு போவோம்.

அதற்காகத்தான் ஐந்து. அடிப் பெட்டியை கம்பி, இணைப்பு என்று இரண்டாகப் பிளந்து, மேலே ஓஎஸ்ஐயின் மூன்றை ஒன்றாக மடக்குவது. இதை எந்தத் தரக்குழுவும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. பாடம் நடத்தியவர்கள் சொல்லிக்கொடுக்க வசதியாகச் செய்துகொண்டது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து ஒரு பாக்கெட்டைச் சொடுக்கிப் பாருங்கள். ஃபிரேம், ஈத்தர்நெட், ஐபி, டிசிபி, அதற்குமேல் பயன்பாட்டின் பெயர் என்று வரிகள் விரியும். அமர்வு என்று ஒரு வரி வராது. பாக்கெட்டே ஒப்புக்கொள்ளும் எண்ணிக்கை ஏறக்குறைய இதுதான்.

இதிலும் ஒரு சங்கடம். ஐந்து அடுக்குப் படத்தில் பயன்பாட்டு அடுக்கின் எண் ஐந்து. வலையைக் காவல் காக்கும் ஃபயர்வால் விற்க வருகிறவர் "இது லேயர் செவன் சார்" என்பார். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியைத் தேடிக்கொண்டு நிற்பான் நம் பையன்.

படம் எதுவானாலும், நெறிமுறைகளை எடுத்து உள்ளே வைக்கும்போதுதான் உண்மை தெரியும். இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன் ஏழு அடுக்கையும் பீட்சாவும் சாசேஜும் வரும் அந்த ஆங்கில வாக்கியத்தை வைத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். "ஏஆர்பி எந்த அடுக்குப்பா?" என்றேன். "ரெண்டு சார்... இல்ல, மூணு சார்" என்று முகத்தைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வியே கோணல். ஏஆர்பி ஈத்தர்நெட் ஃபிரேமுக்குள் நேரடியாகப் போகிறது, ஐபி உறை (முன்னால் சேர்க்கும் ஐபி தலைப்பு) கிடையாது, அதனால் ரவுட்டரைத் தாண்டாது. அந்த வகையில் இரண்டு. ஆனால் அது செய்வது ஐபி முகவரிக்கு மேக் முகவரி கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை, மூன்றாவதுக்குக் கைவேலை. இரண்டு பதிலும் சரி, இரண்டும் பாதி.

பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கையும் பிழைச் செய்திகளையும் சுமக்கும் ஐசிஎம்பி இதற்கு எதிர்ப்பக்கம். ஐபி உறைக்குள்தான் போகிறது, நெறிமுறை எண் 1. டிசிபியின் எண் 6, டிசிபி போலச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபியின் எண் 17. அவற்றோடு சேர்த்தால் இதையும் நான்காவது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1981-இல் வந்த ஆர்எஃப்சி 792 தெளிவாகச் சொல்கிறது: மேலடுக்கு மாதிரி ஐபியைப் பயன்படுத்திக்கொண்டாலும் ஐசிஎம்பி ஐபியின் பிரிக்க முடியாத பகுதி. உறை ஒன்று சொல்கிறது, உறவு வேறொன்று சொல்கிறது.

இன்னும் வேடிக்கை வேண்டுமென்றால் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளைப் பாருங்கள். அவற்றில் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள், நான்குக்கும் வேலை ஒன்றே: எந்த ஊருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அண்டை ரவுட்டருக்குச் சொல்வது. பிஜிபி டிசிபி மேல் போகிறது, போர்ட் 179. ரிப் யூடிபி மேல், போர்ட் 520. ஓஎஸ்பிஎஃப்புக்கு டிசிபியும் வேண்டாம் யூடிபியும் வேண்டாம், ஐபிக்குள் 89 என்ற எண்ணோடு நேராக உட்காரும். ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கு ஐபிகூட வேண்டாம், ஃபிரேமுக்குள் நேரடியாகப் போகும். உறையை வைத்து அடுக்கு சொன்னால் ஒரே தொழில் செய்யும் நான்கு பேர் மூன்று மாடியில் சிதறிக் கிடப்பார்கள். தொழிலை வைத்துச் சொன்னால் நால்வரும் மூன்றாம் மாடி. எனக்கு உறைக் கணக்குதான் பிடிக்கும், ஏனென்றால் ஃபயர்வாலில் விதி எழுதும்போது உறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டிசிபி 179-ஐ மூடினால் பிஜிபி படுத்துவிடும். ஓஎஸ்பிஎஃப்புக்கு மூட போர்ட்டே கிடையாது.

இதில் இன்னொன்று. ஐஎஸ்-ஐஎஸ் ஓஎஸ்ஐ குடும்பத்துப் பிள்ளை. ஓஎஸ்ஐ நெறிமுறைகளை அமெரிக்க அரசே 1990-இலிருந்து தன் கொள்முதலில் கட்டாயமாக்கிப் பார்த்தது. 1995-இல் பிடியைத் தளர்த்திக்கொண்டது. அதற்குள் சந்தை டிசிபி/ஐபி பக்கம் போய்விட்டிருந்தது. ஆனாலும் பெரிய இணையச் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பில் ஐஎஸ்-ஐஎஸ் இன்றும் ஓடுகிறது. பிரவுசரில் பூட்டுப் படத்துக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழின் வடிவம் எக்ஸ்.509, அதுவும் 1988-இல் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஓஎஸ்ஐ தோற்றது என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தரவை மறையாக்கும் டிஎல்எஸ்ஸை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். ஏழு அடுக்குக் கட்சி ஆறு என்கும், சிலர் ஐந்து என்பார்கள். டிசிபிக்கு மேலே, எச்டிடிபிக்குக் கீழே என்றால் போதாதா? போதும் என்றுதான் வெகுநாள் சொல்லிவந்தேன். பிறகு க்விக் வந்தது, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000. யூடிபிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு டிசிபியின் வேலையைச் செய்கிறது: வரிசை காப்பது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது, நெரிசல் பார்ப்பது. டிஎல்எஸ் 1.3-ஐத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. எச்டிடிபி/3 இதன் மேல்தான் ஓடுகிறது. போக்குவரத்துக்கு மேல் இன்னொரு போக்குவரத்து. மாடியில் ஒரு மாடி. எந்தப் படத்திலும் இதற்குத் தயாராகப் பெட்டி இல்லை.

மாடிகளுக்கு நடுவே இருக்கும் சுவரும் நாம் வரைகிற அளவுக்குக் கெட்டியானதல்ல. டிசிபி தன் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடும்போது கீழடுக்கின் ஐபி முகவரிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. வீட்டு ரவுட்டர் நாட் (முகவரி மாற்றம்) செய்யும்போது மூன்றாவதின் முகவரியை மாற்றுவதோடு நிற்காமல் நான்காவதின் போர்ட்டையும் மாற்றி, அந்தத் தொகையையும் திருத்தி எழுதுகிறது. அடுக்கு பிரிப்பது தீங்கு என்றே ஒரு பகுதிக்குத் தலைப்பு வைத்தது 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3439. அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஆனால் சுவரை நம்பி ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர். பிபிபிஓஈ (ஈத்தர்நெட் மேல் பயனர்பெயர் கொடுத்து நுழையும்) இணைப்பு. பிங் போகிறது, தேடல் பக்கம் திறக்கிறது, சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. அடியிலிருந்து ஏறி வந்தேன், சொல்லிக்கொடுத்த மாதிரியே. விளக்கு எரிகிறது, ஒன்று பாஸ். மேக் முகவரி தெரிகிறது, இரண்டு பாஸ். பிங் போகிறது, மூன்று பாஸ். டெல்நெட் வைத்து சர்வரின் 443-ஆம் போர்ட்டைத் தொட்டேன், இணைந்தது, நான்கும் பாஸ். அப்படியானால் கோளாறு அவர்கள் தளத்தில் என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டேன். மறுநாள் அதே ஆள், அதே புகார், கூடுதலாகக் கொஞ்சம் வசவு.

வயர்ஷார்க் போட்ட பிறகுதான் தெரிந்தது. டிஎல்எஸ்ஸின் முதல் வணக்கம் இங்கிருந்து போகிறது, சின்னப் பாக்கெட். சர்வர் சான்றிதழை அனுப்ப வேண்டும், அது பெரிது, முழு 1500 பைட் பாக்கெட்டாக வரும். வரவே இல்லை. பிபிபிஓஈ தனக்கென எட்டு பைட் எடுத்துக்கொள்வதால் அந்த வாசலில் 1492-க்கு மேல் நுழையாது. "பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு" என்று சர்வருக்குச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டிருக்க வேண்டும்; சர்வர் அதே அளவிலேயே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. துண்டாக்காதே என்ற குறியோடு பிங் அளவை 1472 வைத்தால் போகவில்லை, 1464 வைத்தால் போகிறது. அதோடு இருபது பைட் ஐபி தலைப்பையும் எட்டு பைட் ஐசிஎம்பி தலைப்பையும் கூட்டிப் பாருங்கள், 1492. ரவுட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்சம்) 1452-க்கு இறக்கியதும் எல்லாத் தளமும் திறந்தது.

இரண்டாவது அடுக்கில் எட்டு பைட், மூன்றாவது அடுக்கில் ஒரு செய்தி காணவில்லை, நோய் தெரிந்தது மேலே, மருந்து கொடுத்தது நான்காவதில். ஒவ்வொரு அடுக்காக டிக் அடித்துக்கொண்டு போனவனுக்கு இது பிடிபடாது. உறைக்குள் உறை, எந்த உறை எவ்வளவு கனம் என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடும்.

ஆகவே எடுத்த முடிவு இது. பல்கலைக்கழகத் தேர்வோ சான்றிதழ்த் தேர்வோ எழுதப் போகிறவர்கள் ஏழையும் மனப்பாடம் செய்யட்டும், அதில் விவாதமே வேண்டாம். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. நிரல் மட்டும் எழுதுகிறவர்களுக்கு நான்கு தாராளம். எங்கள் சுவருக்கு ஐந்து கட்டம், ஆனால் எண் மட்டும் ஓஎஸ்ஐயுடையது: கீழிருந்து 1, 2, 3, 4, அதற்குமேல் நேராக 7. நடுவில் ஐந்தும் ஆறும் எங்கே என்று முதல் நாளே எவனாவது கேட்பான். கேட்கட்டும், எப்சிடிக் கதையும் பாமினி கதையும் சொல்ல அதுவே வாகான நேரம். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அந்த உறையின் கனத்தைப் பைட்டில் போடச் சொன்னேன்: ஈத்தர்நெட் தலைப்பு 14, வாலில் 4, விலான் பட்டை இருந்தால் இன்னொரு 4, ஐபி 20, டிசிபி 20, யூடிபி 8. அடுக்கின் பெயரைவிட இந்த எண்கள்தான் ராத்திரி வேலையில் கைகொடுத்திருக்கின்றன.

நெறிமுறைகளின் பெயரைக் கட்டத்துக்குள் எழுதாமல், எதன் மேல் ஏறிப் போகிறதோ அதிலிருந்து அம்பு போட்டோம். பிஜிபிக்கு டிசிபியிலிருந்து, ஓஎஸ்பிஎஃப்புக்கு ஐபியிலிருந்து. ஏஆர்பியை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கோட்டின் மேலேயே எழுதினோம். பாக்கெட்டில் சீட்டு ஒட்டி வழி காட்டும் எம்பிஎல்எஸ்ஸுக்கும் அந்தக் கோட்டில்தான் இடம் கிடைத்தது. இரண்டரை என்று அதை ஊரே சொல்கிறது. டிஎல்எஸ்ஸுக்கு நான்குக்கும் ஏழுக்கும் இடையே ஒரு வெள்ளைப் பட்டை.

ஏ3 தாளில் அச்சடித்து, இந்த முறை ஏசிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியாயிற்று. க்விக்கை மட்டும் அச்சில் ஏற்றவில்லை. மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி யூடிபிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது யாரோ அதைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டிவைக்கிறார்கள்.